நிலாவைத் தொட்டுத் திரும்பும் பச்சை ஒளி

கூரை திறக்கிறது. உள்ளே இருக்கும் பெரிய தொலைநோக்கி மெல்லத் திரும்பி நிலாவுக்கு நேரே நிற்கிறது. இதுவரை எந்த ஆய்வகத்திலும் நடப்பதுதான். அடுத்து நடப்பதைப் பாருங்கள்! வானத்து வெளிச்சத்தை வாங்குவதற்கென்றே கட்டிய தொலைநோக்கியின் வாயிலிருந்து பளீரென்று ஒரு பச்சைத் தூண் புறப்படுகிறது. பைன் மரங்களுக்கு மேலே, மேகமில்லாத இருட்டுக்குள் நேர்கோடாக ஏறுகிறது. அது போய்ச் சேரவேண்டிய இலக்கு நிலாத் தரையில் கிடக்கும் ஒரு கண்ணாடித் தட்டு. அகலம் அரை மீட்டர்கூட இல்லை. நடுவில் இருக்கும் தூரமோ ஏறக்குறைய 3,85,000 கிலோமீட்டர்.

இடம், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சேக்ரமென்டோ மலைத்தொடர். 2,788 மீட்டர் உயரத்தில் அப்பாச்சி பாயின்ட் ஆய்வகம். மேற்கே கீழே பார்த்தால் ஒயிட் சாண்ட்ஸ் பாலைவனத்தின் வெள்ளை மணல் மேடுகள் பரந்து கிடக்கும். இங்கே இருக்கும் 3.5 மீட்டர் தொலைநோக்கி மற்ற நேரங்களில் விண்மீன்களையும் காலக்சிகளையும் பார்க்கிறது. நிலாவுக்கென்று ஒதுக்கிய நேரம் வந்ததும் லேசர் பீரங்கியாக மாறிவிடுகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து இயற்பியலாளர் டாம் மர்பி தலைமையில் உருவான திட்டம் இது. பெயர் அப்போலோ. நிலாவுக்கு ஆள் அனுப்பிய திட்டத்தின் பெயரும் அதுதான், இந்தத் திட்டத்தின் முழு ஆங்கிலப் பெயரைச் சுருக்கினாலும் அதுதான் வருகிறது. பொருத்தம் என்றால் இது பொருத்தம்!

எனக்கு இந்த வேலையின் மேல் தீராத ஆசை. காரணம் இருக்கிறது. வானியல் என்பது பெரும்பாலும் காத்திருக்கும் வேலை. எங்கோ எப்போதோ கிளம்பிய வெளிச்சம் வரும்வரை பொறுத்திருந்து, வந்ததை வாங்கி, அது என்ன சொல்கிறது என்று படிப்பார்கள். இந்த மலையிலோ மனிதர்கள் தங்கள் வெளிச்சத்தை அனுப்பி, இன்னொரு உலகத்தைத் தொட்டு, பதிலை இரண்டரை நொடியில் கையில் வாங்கிக்கொள்கிறார்கள். உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அனுமதி. லேசரை வானத்தை நோக்கி நினைத்த நேரத்தில் அடித்துவிட முடியாது. போகிற வழியில் செயற்கைக்கோள்கள் உண்டு. அவற்றின் கண்கள் மென்மையானவை. அதனால் அமெரிக்க ராணுவத்தின் கீழ் லேசர் கிளியரிங்ஹவுஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. எந்தத் திசையில், எந்த நேரத்தில் அடிக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே அதற்குச் சொல்ல வேண்டும். இந்தந்த நேரங்களில் நிறுத்தி வையுங்கள் என்று பதில் வரும். அந்த நேரங்களில் விசையில் யாரும் கை வைப்பதில்லை.

அடுத்தது விமானங்கள். ஆரம்ப வருடங்களில் இதற்கு மனிதக் கண்களே காவல். லேசர் அடிக்கும் நேரமெல்லாம் தொலைநோக்கிக் கட்டடத்துக்கு வெளியே, மலைக்குளிரில், ஆட்கள் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். விமான விளக்கு ஒன்று அந்தப் பக்கம் நகர்ந்து வருவது தெரிந்தால் உடனே லேசரை மூட வேண்டும். உள்ளே உலகின் மிகத் துல்லியமான அளவீடுகளில் ஒன்று நடந்துகொண்டிருக்க, வெளியே கம்பளிக்குள் சுருண்டு அண்ணாந்து நிற்கிற அந்த ஆட்களை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஈர்ப்பைப் பற்றிய ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைச் சோதிப்பதும் இந்த அளவீட்டின் நோக்கம். அதில் அவர்களுக்கும் முழுப் பங்கு உண்டு. பிறகு மர்பியின் குழுவே ஒரு கருவியைச் செய்தது. பயணிகள் விமானம் எதுவும் பறக்கும்போது தன் அடையாளத்தை ரேடியோ சமிக்ஞையாகச் சொல்லிக்கொண்டே போகும். அதை ஒட்டுக்கேட்கும் ஆன்டெனாவைத் தொலைநோக்கியின் முகப்பில் பொருத்திவிட்டார்கள். விமானம் கற்றையின் பக்கம் நெருங்கினால் லேசர் தானாக மூடிக்கொள்ளும்.

இனி லேசர். பச்சை நிறம், அலைநீளம் 532 நானோமீட்டர். நொடிக்கு 20 துடிப்புகள். சராசரியாகப் பார்த்தால் அதன் சக்தி 2.3 வாட்தான். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு துடிப்பும் சுமார் 90 பிக்கோ நொடிதான் நீடிக்கிறது. ஒரு பிக்கோ நொடி என்பது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த இமைக்க முடியாத நேரத்துக்குள் மொத்த ஆற்றலையும் கொட்டுவதால், துடிப்பு உயிரோடு இருக்கும் கணத்தில் சக்தி 100 கோடி வாட்டைத் தாண்டுகிறது.

அந்தத் துடிப்பைப் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தால் எப்படி இருக்கும்? 90 பிக்கோ நொடியில் ஒளி கடக்கும் தூரம் இரண்டே முக்கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அகலமோ தொலைநோக்கியின் முழு அகலம், 3.5 மீட்டர். ஆக, ஒளியால் வார்த்த ஒரு பிரம்மாண்டமான ஊத்தப்பம், தட்டையாக, வட்டமாக, பச்சையாக, வானத்தில் ஏறிப்போகிறது! இப்படி நொடிக்கு இருபது. போய்த் திரும்ப இரண்டரை நொடி ஆகிறது என்பதால், எந்தக் கணத்தில் பார்த்தாலும் பூமிக்கும் நிலாவுக்கும் நடுவில் சுமார் ஐம்பது துடிப்புகள் பயணத்தில் இருக்கும். சில போய்க்கொண்டு, சில வந்துகொண்டு. முதல் துடிப்புக்குப் பதில் வருவதற்குள் இன்னும் ஐம்பது வாக்கில் கிளம்பிவிடுகின்றன.

அனுப்புவதும் வாங்குவதும் ஒரே தொலைநோக்கி. இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இருக்கிறது. சுழலும் கண்ணாடித் தட்டு ஒன்று. தட்டு முழுவதும் ஒளி ஊடுருவும். ஓர் ஓரத்தில் சிறிய திட்டு மட்டும் ஆடிபோல எதிரொளிக்கும். தட்டு நொடிக்கு ஏறத்தாழ 20 சுற்று சுற்றுகிறது. அந்தச் சிறு திட்டு சரியான இடத்துக்கு வரும் கணத்தில் லேசர் சுடுகிறது. ஒளி திட்டில் பட்டுத் திரும்பித் தொலைநோக்கிக்குள் போய் வானத்துக்கு ஏறுகிறது. திட்டு நகர்ந்துவிட்டால் தட்டு வெறும் கண்ணாடி. நிலாவிலிருந்து திரும்பி வரும் ஒளி அதை ஊடுருவி உணரிக்குப் போய்விடும். இருபதும் இருபதும் ஒத்துப்போக வேண்டும். தாளம் தப்பவே கூடாது. கனமான கண்ணாடி ஒன்று இப்படி இரவெல்லாம் சுற்றி, பேச்சையும் கேட்பையும் பிரித்துத் தருகிறது. இதை யோசித்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கலாம்!

கிளம்பிய நேரத்தைக் குறிப்பதிலும் ஓர் அழகு. தொலைநோக்கியிலேயே ஒரு சின்ன மூலைக் கண்ணாடியைப் பொருத்தியிருக்கிறார்கள். வெளியே போகும் ஒளியில் துளியை அது உடனே உணரிக்குத் திருப்பி அனுப்புகிறது. நிலாவிலிருந்து வரும் ஒளியைப் பார்க்கும் அதே உணரிதான் கிளம்பும் ஒளியையும் பார்க்கிறது. உணரிக்குள் ஏதாவது தாமதம் இருந்தால் அது இரண்டுக்கும் ஒன்றுதான். கழித்தால் போய்விடும்.

குறி வைப்பதைப் பேசுவோம். நாம் பார்க்கும் நிலா 1.3 நொடிக்கு முந்தைய நிலா. நாம் அனுப்பும் ஒளி அங்கே போய்ச் சேர இன்னொரு 1.3 நொடி. நிலா தன் பாதையில் நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. மொத்தம் சுமார் இரண்டரை கிலோமீட்டர் நகர்ந்துவிடும். பூமியும் சுழன்று தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போகிறது. எல்லாவற்றையும் கணக்கிட்டு, கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குச் சற்று முன்னால் குறி வைக்க வேண்டும். ஓடுகிற மானுக்கு முன்னால் அம்பு விடும் வேடனின் கணக்குத்தான், வில்லாளிக்கும் மானுக்கும் நடுவில் மூன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டருக்கும் மேலே.

அங்கே போய்ச் சேரும்போது ஒளிக்கற்றை சுமார் 2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். காற்றின் கலக்கம் அதற்கு மேல் குறுக விடுவதில்லை. அந்த வட்டத்துக்குள் எங்கோ கண்ணாடித் தட்டு. எந்தத் தொலைநோக்கியிலும் அது கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துப் பள்ளங்களையும் மேடுகளையும் அடையாளம் வைத்து அங்கிருந்து நகர்ந்துதான் போக வேண்டும்.

அந்தத் தட்டு என்ன செய்கிறது? 1969 ஜூலையில் அப்போலோ 11 பயணத்தில் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலாத் தரையில் வைத்த தட்டில் 100 சிலிக்கா கண்ணாடிப் பட்டகங்கள் உண்டு, ஒவ்வொன்றும் 3.8 செ.மீ. விட்டம். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் சேரும் மூலையாக அவை வெட்டப்பட்டவை. எந்தக் கோணத்தில் ஒளி நுழைந்தாலும் மூன்று முகங்களிலும் பட்டு, வந்த திசையிலேயே திரும்பிப் போகும். மின்சாரம் வேண்டாம், பழுதாக எதுவும் இல்லை. அப்போலோ 14 இன்னொரு 100-ஐ வைத்தது. அப்போலோ 15 பயணத்தினர் 300 பட்டகங்கள் கொண்ட பெரிய தட்டை வைத்தார்கள். சோவியத் யூனியனின் இரண்டு லூனாகோட் வண்டிகளிலும் பிரான்சில் செய்த தட்டுகள், தலைக்கு 14 பட்டகங்கள். ஒவ்வொரு அமர்விலும் பெரும்பாலும் அப்போலோ 15-ஐத்தான் முதலில் தேடுவார்கள். மூன்று மடங்கு பெரியது என்பதால் சீக்கிரம் பதில் சொல்லும்.

இப்போது கணக்கு. ஒரு துடிப்பில் கிளம்பும் போட்டான்கள் சுமார் மூவாயிரம் கோடி கோடி. அவற்றில் ஏறத்தாழ 3 கோடியில் ஒன்றுதான் கண்ணாடித் தட்டில் படும். பட்டுத் திரும்பும் ஒளி பூமிக்கு வருவதற்குள் 15 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். அதில் மறுபடி கோடிகளில் ஒன்றுதான் தொலைநோக்கிக்குள் விழும். வழியில் கண்ணாடிகளும் வடிகட்டிகளும் தின்றது போக, துடிப்புக்கு ஒரு போட்டான் கையில் கிடைத்தால் அன்று நல்ல இரவு. ஒன்று! சிரித்துவிடாதீர்கள், இது மாபெரும் வளம். முந்தைய நிலையங்களில் நூறு துடிப்பு அனுப்பினால் ஒன்று வரும் என்ற நிலை இருந்தது.

அந்த ஒன்றைப் பிடிப்பது எப்படி? நிலாவின் வெயில் படும் தரையிலிருந்தும் போட்டான்கள் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் பச்சையில் அந்த ஒரே சாயலை மட்டும் விடும் வடிகட்டி. அதற்குப் பின்னால், நாலுக்கு நாலு என்று 16 கண்கள் கொண்ட உணரி. ஒவ்வொரு கண்ணும் தனிப் போட்டானை உணரும். துடிப்பு திரும்பி வரும் நேரத்தைக் கணினி முன்கூட்டியே சொல்லிவிடுவதால், உணரி சுமார் 100 நானோ நொடி மட்டும் விழித்துப் பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறது. நொடிக்கு இருபது முறை இந்தக் கண்சிமிட்டல்.

திரையில் ஒரு வரைபடம் வளர்கிறது. கணினி சொன்ன நேரத்துக்கும் போட்டான் வந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் கிடைமட்டத்தில். வெயில் போட்டான்கள் எங்கும் பரவலாக, புல்தரை மாதிரி தாழ்ந்து கிடக்கின்றன. ஒன்றும் தெரியவில்லை. தொலைநோக்கியை இம்மியளவு இந்தப் பக்கம் தள்ளுகிறார்கள். ஒன்றுமில்லை. அந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம். காற்று கலங்குகிறது, குவியத்தைச் சரிசெய்கிறார்கள். திடீரென்று தரையிலிருந்து ஓர் ஊசி எழும்புகிறது! ஒரே இடத்தில், ஒரே நேர வித்தியாசத்தில், போட்டான் மேல் போட்டானாக அடுக்கிக்கொண்டு உயர்கிறது. அங்கே மனிதன் வைத்த கண்ணாடி இருக்கிறது, நம் வெளிச்சம் அதைத் தொட்டுவிட்டது, வந்தது அதே வெளிச்சம்தான் என்பதற்கு அந்த ஊசியே சாட்சி. எத்தனை வருடம் செய்தவர்களாக இருந்தாலும் இந்த ஊசி எழும்போது நாற்காலி நுனிக்கு வராமல் இருக்க முடியாது என்பது என் நம்பிக்கை.

ஊசிக்கும் கொஞ்சம் அகலம் உண்டு. நிலா நமக்கு எப்போதும் ஒரே முகம் காட்டினாலும் சற்றே தலையாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் தட்டு பூமிக்கு நேராக இல்லாமல் சாய்ந்திருக்கும். ஒரு மூலை அருகில், மறு மூலை சில சென்டிமீட்டர் தள்ளி. எந்தப் பட்டகத்தில் பட்டுத் திரும்பியது என்று போட்டான் சொல்லாது. ஆயிரக்கணக்கில் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் மில்லிமீட்டர் கைக்கு வரும். ஒரு மில்லிமீட்டர் என்பது போய்வரும் நேரத்தில் 6.7 பிக்கோ நொடி. அதனால்தான் நொடிக்கு இருபது, அதனால்தான் 3.5 மீட்டர்.

இந்த விளையாட்டு எப்படித் தொடங்கியது என்று ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவோம். உலகின் முதல் லேசர் 1960-ல் வந்தது. இரண்டே வருடத்தில், 1962 மே மாதம், எம்.ஐ.டி.யில் லூயிஸ் ஸ்மல்லினும் ஜியார்ஜியோ ஃபியோக்கோவும் சிவப்பு ரூபி லேசரை நிலாவின் வெறுந்தரையில் அடித்து எதிரொளியைப் பிடித்துவிட்டார்கள். 1968 ஜனவரியில் இன்னும் வேடிக்கை. டைக்கோ பள்ளத்துக்குப் பக்கத்தில் இறங்கியிருந்த ஆளில்லா சர்வேயர் 7 கலத்தின் டிவி கேமரா பூமியைப் பார்த்துக்கொண்டிருக்க, அரிசோனாவின் கிட் பீக்கிலிருந்தும் கலிபோர்னியாவின் டேபிள் மவுன்டனிலிருந்தும் லேசர் அடித்தார்கள். நிலாவிலிருந்து எடுத்த படத்தில், பூமியின் மேல் இரண்டு ஒளிப்புள்ளிகள்! டேபிள் மவுன்டன் என்ற பெயரை மனதில் வையுங்கள், திரும்ப வரும். ஆம்ஸ்ட்ராங்கின் தட்டைக் கலிபோர்னியாவின் லிக் ஆய்வகம் 1969 ஆகஸ்ட் 1 அன்று பிடித்தது. விண்வெளி வீரர்கள் பூமிக்குத் திரும்பி எட்டு நாள் ஆகியிருந்தது.

இனி அப்பாச்சி பாயின்ட் மலையின் இரண்டு கதைகள். இவற்றைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன்.

முதலாவது, தொலைந்த வண்டி. லூனாகோட் 1, 1970 நவம்பர் 17 அன்று நிலாவில் இறங்கியது. வேற்று உலகத் தரையில் உருண்ட முதல் ஆளில்லா வண்டி. 1971 செப்டம்பர் 14-க்குப் பிறகு அதனிடமிருந்து பேச்சு இல்லை. எங்கே நின்றது என்பது துல்லியமாகத் தெரியாததால், அதன் முதுகில் இருந்த கண்ணாடித் தட்டும் எழுபதுகளின் தொடக்கத்துக்குப் பிறகு யார் கையிலும் சிக்கவில்லை. மர்பியின் குழு தேடிப் பார்த்தது. தேடிய இடத்துக்கும் வண்டி நின்ற இடத்துக்கும் கிலோமீட்டர் கணக்கில் இடைவெளி என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 2010 மார்ச்சில், நிலாவைச் சுற்றும் எல்.ஆர்.ஓ. கலத்தின் படங்களில் வண்டி அகப்பட்டது. வெயிலில் மினுக்கும் ஒரு சின்னப் புள்ளி! இடம் தெரிந்துவிட்டது. ஏப்ரல் 22 அன்று நல்ல வானிலையும் நேரமும் அமைந்ததும் லேசரை அங்கே திருப்பினார்கள். முதல் முயற்சியிலேயே சுமார் 2,000 போட்டான்கள் திரும்பி வந்தன. மங்கலாக ஏதோ வரும் என்று எதிர்பார்த்தால், கூடப் பிறந்த லூனாகோட் 2-ஐவிடப் பிரகாசம். ஏறக்குறைய நாற்பது வருட மௌனத்துக்குப் பிறகு, பேட்டரி செத்து, சக்கரம் நின்று, நாடே பெயர் மாறிப்போன பிறகும், அந்த வண்டி கூப்பிட்டதும் குரல் கொடுத்தது. நிலாவின் தலையாட்டலை அளக்க அது நிற்கும் இடம் மிகவும் தோதானது என்பது மேல் வரவு.

இரண்டாவது, பௌர்ணமி சாபம். கருவியெல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய பிறகு ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. முழுநிலா நெருங்கினால் திரும்பி வரும் ஒளி பத்தில் ஒரு பங்காக விழுந்துவிடுகிறது. முழுநிலாவின் பின்னணி வெளிச்சம் அதிகம், அதனால் தெரியவில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அந்த வெளிச்சத்தைக் கழித்துப் பார்த்தாலும் குறை அப்படியே நின்றது. பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். டெக்சாஸின் மெக்டொனால்ட் ஆய்வகம் எழுபதுகளின் நடுவில் எடுத்த அளவுகளில் இந்தக் குறை இல்லை. அந்தப் பத்தாண்டு முடியும்போது தலைகாட்டத் தொடங்கி, பிறகு வளர்ந்திருக்கிறது. அப்படியென்றால் நிலாவில் இருக்கும் கண்ணாடிகளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது.

சந்தேகம் தூசியின் மேல் விழுந்தது. பட்டகங்கள் தட்டில் சற்றே உள்வாங்கிய குழிகளில் உட்கார்ந்திருக்கின்றன. மற்ற நாட்களில் வெயில் சாய்வாக வருவதால் குழியின் விளிம்பு நிழல் தருகிறது. பௌர்ணமியன்று சூரியன் பூமியின் முதுகுப் பக்கத்திலிருந்து நேராகக் குழிக்குள் அடிக்கிறது. சுத்தமான கண்ணாடி வெயிலையும் திருப்பி அனுப்பிவிடும், சூடாகாது. மேலே கருந்தூசி படிந்திருந்தால்? தூசி வெயிலைக் குடித்து, பட்டகத்தின் முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சில டிகிரி கூடுதலாகச் சூடாகும். அந்தச் சின்ன வித்தியாசம் போதும். கண்ணாடிக்குள் ஒளி வளைந்து, திரும்பும் கற்றை சிதறிப்போகும்.

கருதுகோள் நன்றாக இருக்கிறது. நிலாவுக்குப் போய்த் துடைத்துப் பார்த்துச் சோதிக்க முடியாதே? இந்த இடத்தில்தான் அவர்கள் மூளை வேலை செய்த விதத்தை நான் கொண்டாடுகிறேன். பௌர்ணமியன்று, நிலா அதே இடத்தில் இருக்க, வெயிலை மட்டும் யாராவது அணைத்துத் தர வேண்டும். சந்திர கிரகணம்! 2010 டிசம்பர் 21. பூமியின் நிழல் நிலாவின் மேல் மெல்ல ஏறும் அந்த இரவில், தட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாகத் தொட்டுக்கொண்டே இருந்தார்கள். நிழல் விழுந்தது. கண்ணாடிகள் குளிரத் தொடங்கின. பதில் ஒளி பத்து மடங்கு எழும்பியது! வெயில் திரும்பியது, ஒளி மறுபடி விழுந்தது. பிறகு அவர்கள் போட்ட கணக்கில், பட்டகங்களின் முகத்தில் ஏறக்குறைய பாதி தூசியால் மூடியிருக்க வேண்டும் என்று வந்தது. காற்றே இல்லாத நிலாவில் தூசி எழும்பி நகர்கிறது என்பதற்கு வலுவான தடயத்தை, அங்கே போகாமலே, ஒரு கிரகண இரவில், பச்சை வெளிச்சத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்து நிலாவில் தொலைநோக்கியோ சூரியப் பலகையோ வைக்கப்போகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறென்ன?

இவ்வளவு மெனக்கெட்டு அளந்து என்ன தெரிந்தது என்று கேட்பீர்கள். நிலா வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது. அதன் மையத்தில் உருகிய பகுதி உண்டு. இவை தெரிந்த சேதிகள். என்னை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. பூமியும் நிலாவும் சேர்ந்து சூரியனை நோக்கி விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. பாதையில் சுற்றுவது என்பதே ஒருவகை விழுவதுதான். இரண்டும் ஒரே வேகத்தில் விழுகின்றனவா? பூமி தன்னைத் தானே கட்டிப் பிடித்திருக்கும் ஈர்ப்பாற்றல் நிலாவுடையதைவிட அதிகம். அந்த ஈர்ப்பாற்றலுக்கும் எடை உண்டா? இல்லையென்றால் நிலாவின் பாதை சூரியனின் திசையில் சுமார் 13 மீட்டர் பிசக வேண்டும் என்று கென்னத் நார்ட்வெட் 1968-ல் கணக்குப் போட்டார். அளந்தார்கள். 13 மீட்டர் எங்கே, சென்டிமீட்டர் பிசகுகூட அங்கே இல்லை. ஐன்ஸ்டைன் சொன்னபடியே இரண்டும் ஒன்றாக விழுகின்றன.

இந்தத் துல்லியத்தில் நம் காலுக்கடியில் இருக்கும் மலையும் அசையாப் பொருள் இல்லை. கடல்மட்டம் ஏறி இறங்குவதைப்போல, பாறைத் தரையும் நிலாவின் இழுப்பில் 30 சென்டிமீட்டர் வரை ஏறி இறங்குகிறது. காற்று ஒளியைச் சற்றே தாமதப்படுத்தி, தூரத்தில் சுமார் 2 மீட்டரைக் கூட்டிக் காட்டுகிறது. எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். அதற்காகக் காற்றழுத்தம் அளக்கிறார்கள். மலை உயர்ந்து தாழ்வதை உணர, மிகக் குளிர்ந்த மீகடத்தி ஈர்ப்புமானி ஒன்றைக் கட்டடத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

நிலாவோடு இது முடியவில்லை. 1976-ல் ஏவிய லேஜியோஸ் என்ற 60 செ.மீ. உருண்டை, 426 பட்டகங்களைப் போர்த்திக்கொண்டு சுமார் 5,900 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. உள்ளே எந்தக் கருவியும் கிடையாது. உலகெங்கும் இருக்கும் நிலையங்கள் லேசரால் அதைத் தொட்டுத் தொட்டுத்தான் கண்டங்கள் நகரும் வேகத்தை அளக்கின்றன. நாசாவின் கோடார்டு மையத்துப் பொறியாளர்கள் ஒருபடி மேலே போனார்கள். லேசர் துடிப்புகள் போய்ச் சேரும் நேரத்தைத் துளித்துளியாக மாற்றி, மோனலிசா படத்தைப் புள்ளி புள்ளியாக எல்.ஆர்.ஓ. கலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 152-க்கு 200 புள்ளிகள். நிலாவைச் சுற்றும் கலத்தில் மோனலிசா சிரித்தாள்!

2023 டிசம்பரில் இரண்டு நாள் அடுத்தடுத்து வந்த சேதிகள் எனக்கு இன்னும் இனிக்கின்றன. 11-ம் தேதி, நாசாவின் சைக்கி விண்கலம் 3.1 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து லேசர் வழியே ஒரு வீடியோவை அனுப்பியது. டேட்டர்ஸ் என்ற ஆரஞ்சு நிறப் பூனை லேசர் புள்ளியைத் துரத்தும் காட்சி. அந்தக் கலம் பூமியை நோக்கிக் குறி வைக்க, பூமியிலிருந்து வழிகாட்டும் லேசரை அடித்த மலை எது தெரியுமா? டேபிள் மவுன்டன்! சர்வேயர் 7 பார்த்த ஒளிப்புள்ளிகளில் ஒன்று கிளம்பிய அதே மலை. அடுத்த நாள், 12-ம் தேதி, எல்.ஆர்.ஓ. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து நம் விக்ரம் லேண்டரை லேசரால் தொட்டது. விழுப்புரத்துக்காரர் ப.வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து நிலாவில் இறக்கிய அதே விக்ரம். அதன் மேல் நாசா கொடுத்த எட்டுப் பட்டகங்கள் கொண்ட சின்னக் குமிழ், அகலம் 5 சென்டிமீட்டர். பூமியிலிருந்து அடித்துப் பிடிக்க அது மிகச் சிறியது. நிலாவைச் சுற்றும் கலங்களுக்கோ, லேண்டரின் மின்சாரம் அணைந்த பிறகும் பல்லாண்டுக்கு அது கலங்கரை விளக்கம்.

பூமியிலிருந்து தொடுவதற்கென்றே இப்போது புதிதாக ஒரு கண்ணாடி நிலாவில் உட்கார்ந்திருக்கிறது. அதன் பின்னணியில் இருப்பவர் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் கரி. அப்போலோ காலத்திலேயே இந்தக் கண்ணாடி வேலையில் இருந்த மனிதர். அரை நூற்றாண்டு கழித்து மறுபடி அவரே! 2025 மார்ச் 2 அன்று புளூ கோஸ்ட் லேண்டர் அதை நிலாவின் மாரே கிரைசியம் சமவெளியில் இறக்கியது. நூறு சின்னப் பட்டகங்களுக்குப் பதிலாக இதில் 10 சென்டிமீட்டர் அகலத்தில் ஒன்றே ஒன்று. நிலா எவ்வளவு தலையாட்டினாலும் அருகு மூலை, தூர மூலை என்ற பேச்சே இல்லை. எந்தப் பட்டகத்திலிருந்து வந்தாய் என்று போட்டானைக் கேட்க வேண்டியதும் இல்லை. பழைய தட்டுகளில் ஆயிரமாயிரம் சேர்த்துச் சராசரி எடுத்து நெருங்கிய துல்லியத்தை, இனி சில போட்டான்களே கொண்டுவந்து கொடுக்கும். அதை முழுதாக வாங்கிக்கொள்ளும் அளவுக்கு இன்னும் கூர்மையான துடிப்பும் இன்னும் வேகமான கடிகாரமும் இனிப் பூமியில்தான் செய்தாக வேண்டும்.